கட்சிக்காரர் யார்?

வழக்கறிஞரின் அலுவலகத்திலே 'கட்சிக்காரர்' என்றால், கட்டணம் செலுத்தி வழக்கை ஒப்படைத்தவர் என்று பொருள். தெருமுனைக் கூட்டத்திலே 'கட்சிக்காரர்' என்றால், கொடி பிடித்து, சுவரொட்டி ஒட்டி, தொண்டை வறள முழக்கமிட்டு, தேர்தல் நாளன்று வீடு வீடாக நடந்து வாக்குக் கேட்பவர் என்று பொருள். சொல் ஒன்று; உலகம் இரண்டு! முன்னவர் பணம் தருகிறார், பலன் பெறுகிறார். பின்னவர் உழைப்பைத் தருகிறார். வெற்றி விழாவில் ஒரு மாலை விழுந்தால் அதுவே பெரும் பேறு என்று வீடு திரும்புகிறார்.

இந்த இரு கட்சிக்காரரில் எவர் சொல்லுக்கு அரசு செவி சாய்க்கிறது என்று நாம் கேட்கிறோம். பொல்லாத கேள்விதான். ஆனால், கேட்காமல் இருக்க முடியவில்லை. மக்களாட்சியின் மாண்பினை உலகுக்கெல்லாம் ஓதிவரும் அமெரிக்க நாட்டிலே, அந்தக் கேள்விக்குக் கிடைத்துள்ள விடை, நம் இளைஞர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாக இருக்கிறது.

'லாபி' என்றால் முன்கூடம். சட்டமன்ற உறுப்பினர் உள்ளே செல்லுமுன் அவரைக் கண்டு, காதோடு காதாகச் செய்தி சொல்லக் காத்திருக்கும் இடம். அந்த முன்கூடத்தில் நிற்பதையே தொழிலாகக் கொண்டோர், வாஷிங்டனில் பதிவு செய்துகொண்டவர் மட்டும் 12,000 பேருக்கு மேல். செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்ததுதான் அந்நாட்டு நாடாளுமன்றமாகிய காங்கிரசு. அதன் உறுப்பினர் 535 பேர். கணக்கிட்டுப் பாருங்கள்: மக்கள் பிரதிநிதி ஒருவருக்குத் தரகர் இருபதுக்கு மேல்! அண்மை ஆண்டுகளில் இத்தொழிலுக்கென்று ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கும் மிகுதியாகச் செலவாகிறது. இது கணக்கில் காட்டப்பட்ட தொகை. கள்ளப் பணமல்ல, கறுப்புப் பணமல்ல. கையெழுத்திட்டு, இரசீது பெற்று, வெளிச்சத்தில் கைமாறும் வெள்ளைப் பணம்!

அந்த முன்கூடத்தை ஒரு மாளிகையாக்கிக் காட்டிய நிறுவனம் ஒன்றின் கதையைப் பார்ப்போம். பேட்டன் பாக்ஸ் என்பது அதன் பெயர். வழக்கறிஞர் நிறுவனந்தான். எனினும் வழக்குமன்றத்தில் பெற்ற புகழைவிட, வழக்குமன்றத்துக்கு வெளியே பெற்ற புகழே பெரிது.

1962ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பேட்டன் தொடங்கிய அந்நிறுவனத்தில், 1966இல் வந்து சேர்ந்தார் தாமஸ் ஹேல் பாக்ஸ் என்னும் இளைஞர். அவருடைய தந்தை ஹேல் பாக்ஸ், லூயிசியானா மாநிலத்தின் பிரதிநிதி. சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக உயர்ந்தவர். 1972இல் அலாஸ்கா வான்வெளியில் அவர் சென்ற விமானம் மறைந்தது. இன்றுவரை தடயம் கிட்டவில்லை. அவரது தொகுதியில் 1973இல் தாயார் லிண்டி பாக்ஸ் வெற்றி பெற்று, 1991 வரை உறுப்பினராக வீற்றிருந்தார். பின்னர் போப்பாண்டவரின் வாடிகனுக்கு அமெரிக்கத் தூதரும் ஆனார். தந்தை சபையிலே, தாய் சபையிலே, மைந்தர் முன்கூடத்திலே!

மைந்தருக்கும் சபைக்குள் நுழையும் ஆசை இல்லாமற் போகவில்லை. 1970இல் மேரிலாந்து மாநிலத்தில் வேட்பாளராக நின்றார். மக்கள் தோற்கடித்தனர். சாமானியன் ஒருவன் தேர்தலில் தோற்றால் ஊருக்குத் திரும்பி உழவையோ கடையையோ கவனிப்பான். இவரோ தோற்ற பிறகுதான் வளர்ந்தார்! வென்றிருந்தால் 435 பேரில் ஒருவர். தோற்றதனால், அந்த 435 பேரும் தொலைபேசி மணி ஒலித்தால் எடுத்துப் பேசவேண்டிய ஒருவர்! மக்கள் மூடிய வாசல் எதிரே இருக்க, மக்கள் அறியாத வாசல் பக்கத்திலே திறந்திருந்தது.

அந்த வாசலின் வலிமையை நாடு கண்டது 1979இல். கிரைஸ்லர் மோட்டார் நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்தது. அரசு பிணை நின்றால்தான் கடன் கிடைக்கும், கடன் கிடைத்தால்தான் தொழிற்சாலை ஓடும் என்ற நிலை. 150 கோடி டாலர் கடனுக்கு அரசு பிணை நிற்க வகை செய்யும் சட்டம், காங்கிரசில் நிறைவேறியது. அதற்காக முன்கூடத்தில் உழைத்தவர்களில் முதல்வரிசையில் நின்றார் தாமஸ் பாக்ஸ். கிரைஸ்லர் பிழைத்தது, 1983இல் கடனும் தீர்ந்தது. தொழிலாளர் பலரின் அடுப்பு அணையாமல் காக்கப்பட்டது. மறைக்கவில்லை நாம், மகிழ்ச்சியோடு ஒப்புகிறோம். ஆனால், கேட்கிறோம்: கடை முறிந்த சிறு வணிகனுக்கும், கடனில் மூழ்கிய உழவனுக்கும் பிணை நிற்கச் சொல்லி எந்த வழக்கறிஞர் முன்கூடத்தில் நின்றார்? அவர்தம் கண்ணீர் உப்பில்லாக் கண்ணீரா? உப்பு இருந்தது, கட்டணம்தான் இல்லை!

நிறுவனம் வளர்ந்தது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் பரிந்துரைத் தொழில் ஒன்றால் மட்டும் ஆண்டுக்கு 4 கோடி டாலருக்கு மேல் ஈட்டி, நாட்டின் முதலிடத்தில் நின்றது. இத்தனை பேர் தேடி வருமளவுக்கு அங்கே விற்கப்பட்ட பண்டம் எது? சட்ட அறிவு மட்டுமாயின், அது நூலகத்திலும் கிடைக்கும். விற்கப்பட்டது அறிமுகம்! 'இன்னாரை எனக்குத் தெரியும், அவருக்கு என்னைத் தெரியும்' என்ற அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் விலை!

ஆகவேதான் அந்த மாளிகையிலே கட்சி வேறுபாடு இல்லை. அங்கே பங்குதாரராக இருந்தவர் ரான் பிரௌன். 1989இல் சனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவரானார்; அமெரிக்காவின் பெருங்கட்சி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பர். பின்னாளில் அதே மாளிகையிலே பங்குதாரராக இருந்தவர் பெஞ்சமின் கின்ஸ்பெர்க். 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் புளோரிடா வாக்கு எண்ணிக்கைத் தகராறில் குடியரசுக் கட்சியின் புஷ் பக்கம் நின்று வாதிட்டவர். ஊரெல்லாம் இரு கட்சியாகப் பிரிந்து உறவறுத்துக்கொண்டிருக்க, மாளிகைக்குள்ளே கணக்குப் புத்தகம் மட்டும் ஒன்று!

ரான் பிரௌனைப் பற்றி இன்னும் ஒரு செய்தி சொல்லவேண்டும். சொல்ல நம் உள்ளம் கூசுகிறது. எனினும், சொல்லாதிருத்தல் நேர்மையன்று. அடிமைகள் கிளர்ந்தெழுந்து, ஆண்டையரை விரட்டி, 1804இல் விடுதலை அறிவித்த நாடு ஹெய்ட்டி. கறுப்பின மக்களின் முதற் குடியரசு. அந்த வீர மண்ணை 1957 முதல் டுவாலியர் குடும்பம் கவ்விக் கொண்டது. தந்தை பிரான்சுவா, மாந்திரீக அச்சத்தையும் கொலைப்படையையும் இரு கைகளாகக் கொண்டு ஆண்டார். 1971இல் மகன் ஜான் குளோட் பட்டத்துக்கு வந்தார்; வயது 19! நாடு பட்டினியில், அரண்மனை விருந்தில். 1986இல் மக்கள் பொறுமையிழந்து எழ, மகன் பிரான்சுக்கு ஓடினார். அந்த டுவாலியர் அரசுக்கு, 1980களின் முற்பகுதியில் வாஷிங்டனிலே வழக்கறிஞராக அமர்ந்தது பேட்டன் பாக்ஸ். அதன் பொருட்டுப் பணியாற்றியவர் ரான் பிரௌன்!

அடிமைத்தளை அறுத்த மக்களின் கழுத்தை நெரித்தவனுக்காக, அதே அடிமைத்தளையை அறுத்த இனத்தின் மைந்தர் ஒருவர் பரிந்து பேச நேர்ந்ததே! இதை ஒரு மனிதரின் குறையாக மட்டும் நாம் காணவில்லை. கட்டணம் என்பது எவரையும் எங்கும் நிறுத்திவிடும் ஆற்றல் உடையது என்பதற்குச் சான்றாகக் காண்கிறோம்.

மற்றொரு பக்கமும் பாருங்கள். டிரென்ட் லாட் என்பவர் குடியரசுக் கட்சியின் செனட் தலைவர். 1948இல் நிறப் பிரிவினையை நிலைநாட்டவே குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர் ஸ்ட்ராம் தர்மாண்ட். அவருடைய நூறாவது பிறந்தநாள் விழாவிலே, 2002இல், அந்தத் தேர்தலில் அவர் வென்றிருந்தால் நாட்டுக்குத் தொல்லைகள் வந்திரா என்ற பொருளில் லாட் புகழ்மாலை சூட்டினார். நாடு கொதித்தது, தலைவர் பதவி போயிற்று. 2007 இறுதியில் செனட்டையும் விட்டார். 2008 தொடக்கத்தில், சனநாயகக் கட்சியின் முன்னாள் செனட்டர் ஜான் பிரோவோடு கூட்டாகப் பரிந்துரைக் கடை திறந்தார். 2010இல் அந்தக் கடையையே தன்னுள் சேர்த்துக்கொண்டது பேட்டன் பாக்ஸ்.

முதல் கறுப்பினக் கட்சித் தலைவருக்கும் அங்கே நாற்காலி உண்டு. நிறப் பிரிவினை வேட்பாளருக்குப் புகழ் பாடியவருக்கும் அங்கே நாற்காலி உண்டு! ஆகா, எத்தகைய சமத்துவம்! நிறம் பாராத, கட்சி பாராத, கொள்கை பாராத சமத்துவம். பணப்பை ஒன்றை மட்டுமே பார்க்கும் சமத்துவம்!

கூட்டாளி ஜான் பிரோவைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. 1981இல் ரீகன் அரசின் வரவுசெலவுத் திட்டத்துக்கு அவர் வாக்களித்தார். தம் மாநிலத்துச் சர்க்கரைத் தொழிலுக்கு ஆதரவு பெற்றார். உமது வாக்கு விற்பனைக்கா என்று கேட்டபோது, விற்பனைக்கு இல்லை, வாடகைக்குக் கிடைக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம்! நகைச்சுவைதான். ஆனால் அந்த நகைச்சுவையில் அந்நகரத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது. வீட்டுக்காரர் மக்கள், வாடகை வாங்குகிறவர் வேறு!

ஒரே கூரையின் கீழ் எல்லோரையும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஈக்வடார் நாட்டுக் காட்டு மக்களைக் கேளுங்கள். அமேசான் காட்டிலே டெக்சகோ நிறுவனம் 1960கள் முதல் எண்ணெய் எடுத்தது. நீரும் நிலமும் நஞ்சாயின என்று மக்கள் 1993இல் வழக்குத் தொடுத்தனர். 2001இல் டெக்சகோவைச் செவ்ரான் வாங்கியது. துப்புரவு வேலை முடிந்துவிட்டது, மீதிப் பொறுப்பு ஈக்வடார் அரசு நிறுவனத்துடையது என்றது செவ்ரான். 2010இல் காட்டு மக்கள் பக்கம் வழக்கறிஞராகச் சேர்ந்தது பேட்டன் பாக்ஸ். நல்லது என்கிறீர்களா? அதே ஆண்டு அது வாங்கிய லாட்–பிரோ கடையின் பழைய கட்சிக்காரர் யார் தெரியுமா? செவ்ரான்! வலக்கை வாதிக்கு, இடக்கை பிரதிவாதிக்கு! இதனால் தமக்குத் தடையேதும் இல்லையென்று அறிவிக்கக் கோரி, அந்நிறுவனமே வழக்குமன்றப் படியேற வேண்டியதாயிற்று.

2011இல் ஈக்வடார் வழக்குமன்றம் மக்களுக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு மோசடியால் பெறப்பட்டதென்று 2014 மார்ச்சில் நியூயார்க் நீதிபதி முடிவு கூறினார். அந்த மோசடி பற்றிய முடிவை நாம் இங்கே மறுத்துரைக்கவில்லை. அடுத்து நடந்ததைக் காண்க: வேறொரு பெரிய வழக்கறிஞர் நிறுவனத்தோடு இணையும் பேச்சு நடந்துகொண்டிருந்த வேளை அது. 2014 மே மாதம் செவ்ரானுக்கு 1.5 கோடி டாலர் செலுத்தி, வருத்தம் தெரிவித்து, வழக்கிலிருந்து விலகியது பேட்டன் பாக்ஸ். அடுத்த மாதமே ஸ்குவையர் பேட்டன் பாக்ஸ் என்ற புதுப்பெயரோடு பவனி புறப்பட்டது! அவ்வாண்டு செப்டம்பரில் தாமஸ் பாக்ஸ் மறைந்தார். மாளிகைக்குப் பெயர் மாறிற்று. மறைந்தவருக்குப் புகழுரை கிடைத்தது. காட்டு மக்களுக்கு என்ன கிடைத்தது? அவர்கள் கட்சிக்காரர்தாம். ஆனால், கனத்த கட்சிக்காரர் அல்லர்!

இணைந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. 2015இல் சபாநாயகர் பதவி துறந்த ஜான் பெய்னர், 2016 செப்டம்பரில் அங்கே ஆலோசகராக அமர்ந்தார். 2017இல், புதிதாகப் பதவியேற்ற டிரம்பின் சொந்த வழக்கறிஞராயிருந்த மைக்கேல் கோகனோடு அந்நிறுவனம் தொழிற்கூட்டு வைத்தது. 2018 மார்ச்சில் அக்கூட்டு முடிந்தது; ஏப்ரலில் கோகன் இடங்களில் கூட்டரசுக் காவலர் சோதனை நடத்தியபோது, நியூயார்க்கில் அந்நிறுவனத்தில் அவருக்கிருந்த அறையும் சோதனைக்குள்ளாயிற்று. கோகன் பின்னர்த் தண்டனை பெற்றார். நிறுவனத்தின்மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை.

இதுதான் நம் வாதத்தின் உயிர்நாடி, தோழர்களே! குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இலஞ்சம் தந்து பிடிபட்டவன் கதையென்றால் நாம் எழுதுகோலை எடுத்திருக்கவே வேண்டாம். அதற்குச் சிறைச்சாலை உண்டு. இங்கே நடந்தவை அனைத்தும் சட்டப்படி நடந்தவை. ஆகவேதான் அச்சம் மிகுகிறது. திருடன் பூட்டை உடைத்தால் ஊர் விழித்துக்கொள்ளும். சாவியே அவனிடம் முறையாக ஒப்படைக்கப்பட்டிருந்தால், எவரை எழுப்புவது?

'குறைகளைக் கூறி முறையிடும் உரிமை, 1791 முதல் அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே உள்ளது, முறையிடத் தெரியாதவர் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்கிறார், இதில் தவறென்ன?' என்று கேட்கிறார்கள். கொலை செய்தவனுக்கும் வழக்கறிஞர் உண்டல்லவா என்றும் மடக்குகிறார்கள்.

உண்டு, வேண்டும் என்றே நாமும் சொல்கிறோம். ஆனால் வழக்குமன்றத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே கதவு திறந்திருக்கிறது. எதிர்வழக்கறிஞர் எதிரே நிற்கிறார். ஒருவர் சொன்ன பொய்யை மற்றவர் அங்கேயே உரித்துக் காட்டலாம். சொன்னது ஏட்டில் ஏறுகிறது. நீதிபதி எந்தக் கட்சிக்காரரிடமும் கைநீட்டக் கூடாது. முன்கூடத்திலோ கதவு சாத்தியிருக்கிறது. எதிர்க்கட்சிக்காரருக்கு வழக்கு நடப்பதே தெரியாது. அங்கே நடக்கும் பேச்சு ஏட்டில் ஏறுவதில்லை. தீர்ப்பளிக்க வேண்டிய உறுப்பினரோ அடுத்த தேர்தலுக்கு நிதி தேடுபவர். அந்த நிதிக்கு விருந்து வைத்துத் திரட்டித் தருபவரோ அதே வழக்கறிஞர்! எதிர்வாதம் இல்லாத வழக்கு, பதிவேடு இல்லாத விசாரணை, நன்கொடை பெறும் நீதிபதி. இதற்கு முறையீடு என்றா பெயர்?

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க மாட்டான் என்பது நம் நாட்டுப் பழமொழி. இங்கே சாமிகளே பதவிக்காலம் முடிந்ததும் பூசாரிகளாகி விடுகின்றனரே!

தடுக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு செய்துகொள்ளச் சொல்கிறது. ஆனால், ஒரு கட்சிக்காரருக்குத் தரும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பரிந்துரைக்குச் செலவானால்தான் பதிவு வேண்டும். எனவே பெரிய மனிதர்கள் 'ஆலோசகர்' என்று பலகை மாட்டிக்கொண்டார்கள். செனட்டில் சனநாயகக் கட்சித் தலைவராயிருந்த டாம் டாஷல் 2004இல் தோற்றார். வேறொரு வழக்கறிஞர் நிறுவனத்தில் ஆலோசகராய் அமர்ந்தார். பரிந்துரையாளராகப் பதிவு செய்துகொண்டது 2016இல்! 2007ஆம் ஆண்டுச் சட்டம், பதவி விட்ட செனட்டர் இரண்டாண்டு பொறுத்திருக்க வேண்டும் என்றது. அவ்வாண்டு முடியுமுன் விலகியவருக்கு ஓராண்டே. லாட் விலகிய மாதம் டிசம்பர்! சட்டம் தம் விலகலுக்குக் காரணமன்று என்றார் அவர். நாட்காட்டியோ வேறு கதை சொல்கிறது!

இஃது அமெரிக்கக் கதைதானே, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. அணு உடன்பாட்டுக் காலத்தில் இந்திய அரசே வாஷிங்டன் முன்கூடத்தில் கட்டணம் செலுத்தி ஆள் அமர்த்திய கட்சிக்காரர்தான். 2012 டிசம்பரில் சில்லறை வணிகத்தில் அயல்நாட்டு முதலீடு பற்றி நம் நாடாளுமன்றம் வாக்களித்து முடித்த சில நாட்களிலேயே, வால்மார்ட் நிறுவனம் அமெரிக்காவில் பரிந்துரைக்காகச் செலவிட்ட கணக்கில் இந்தியச் சந்தைக்குள் நுழையும் முயற்சியும் இடம்பெற்றிருந்தது வெளியாயிற்று. இந்தியாவில் எவருக்கும் பணம் தரவில்லை என்றது நிறுவனம். நீதிபதி முத்கல் தலைமையில் விசாரணை அமைந்தது. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறு: அந்தக் கணக்கு நம் கண்ணில் பட்டதே அமெரிக்கச் சட்டம் அதைப் பதியச் சொன்னதால்தான்! நம் நாட்டில் பரிந்துரைத் தொழிலைப் பதிவு செய்யும் தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. அங்கே ஓட்டை விழுந்த குடை. இங்கே குடையே இல்லை!

அயர்லாந்திலே 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமைச்சரையோ உறுப்பினரையோ உயர் அலுவலரையோ யார், எதற்காக அணுகினார் என்பதைப் பதிந்து, எவரும் படிக்கும்படி வைக்கிறார்கள். கனடாவிலே பதவி விட்ட அமைச்சர் ஐந்தாண்டுக் காலம் இத்தொழில் பக்கம் தலைவைக்க இயலாது. செய்ய மனமிருந்தால் வழியிருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. முன்கூடத்தின் கதவைத் திறந்து வையுங்கள் என்கிறோம். வந்தவர் பெயர், அனுப்பியவர் பெயர், கேட்ட பொருள், கொடுத்த கட்டணம் ஆகிய நான்கையும் ஊரறியச் சுவரில் ஒட்டுங்கள் என்கிறோம். ஆட்சிப் பீடத்திலிருந்து இறங்கியவர், அடுத்த நாளே அதன் வாயிலில் கடை விரிக்கக் கூடாது என்கிறோம்.

இளைஞர்களே! வாக்குச் சாவடியிலே ஆலை முதலாளிக்கும் ஒரு வாக்கு, ஆலைத் தொழிலாளிக்கும் ஒரு வாக்கு. அந்தச் சமத்துவத்தைப் பெற மனித குலம் சிந்திய குருதி கொஞ்சமன்று. அது வாக்களிக்கும் நாள் ஒன்றோடு முடிந்து, மறுநாள் காலை முன்கூடக் கதவு சாத்தியதும் மறைந்துவிடுமானால், நாம் பெற்றது ஆட்சியா, ஆண்டுக்கணக்கில் ஒருமுறை காட்டப்படும் வேடிக்கையா?

கொடி பிடிக்கும் கட்சிக்காரரே, கட்டணம் தரும் கட்சிக்காரர் உள்ளே போய் வெகுநேரமாயிற்று. கதவைத் தட்டுங்கள். திறக்கும்வரை தட்டுங்கள்!